தண்ணீர் கேட்காத புல்வெளி

ஆவடி, அம்பத்தூர், பூந்தமல்லிப் பக்கம் சொந்த வீடு வைத்திருக்கும் யாரைப் பார்த்தாலும், நலம் விசாரித்த கையோடு இப்போதெல்லாம் நான் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: "உங்க மொட்டைமாடி சும்மாதான் கிடக்குதா?" ஆமாம் என்று பதில் வந்துவிட்டால் அவர்களை லேசில் விடமாட்டேன். திருமுல்லைவாயிலில் இருக்கும் எங்கள் வீட்டுக்கு அழைத்துவந்து, செருப்பைக் கழற்றச் சொல்லி, செயற்கைப் புல் மேல் நிற்கவைத்துவிட்டுத்தான் காபியே போடுவேன். நின்றவர்கள் முதலில் குனிந்து தடவிப் பார்ப்பார்கள். அப்புறம் உட்காருவார்கள். அதற்கப்புறம் நான் பேசவே வேண்டியதில்லை, "சதுர அடி என்ன விலைங்க?" என்று அவர்களே ஆரம்பித்துவிடுவார்கள்.

இவ்வளவு உற்சாகம் எதற்கு என்று கேட்டால், எங்கள் பக்கத்து வெயிலையும் தண்ணீரையும் பற்றி முதலில் சொல்ல வேண்டும்.

சென்னை என்றதும் கடற்காற்று என்று நினைப்பவர்கள், ஒரு மே மாதம் எங்கள் பக்கம் வந்து தங்கிப் பார்க்க வேண்டும். கடலிலிருந்து பதினைந்து, இருபது கிலோமீட்டர் உள்ளே தள்ளி இருக்கிறோம். மயிலாப்பூரிலும் அடையாற்றிலும் மதியச் சாப்பாட்டு நேரத்துக்கெல்லாம் வீசத் தொடங்கிவிடும் காற்று, எங்களை எட்டுவதற்குள் பொழுது சாயத் தொடங்கிவிடும். மேற்கே இருந்து அனல்காற்று பலமாக அடிக்கும் நாளில் அதுவும் கிடையாது. 2003 மே 31 அன்று நுங்கம்பாக்கத்தில் 45 டிகிரி செல்சியஸ் பதிவானது. அக்னி நட்சத்திரம் முடிந்தபிறகு அடித்த வெயில் அது! அதை நினைத்தால் எங்கள் பக்கத்துக்காரர்களுக்கு இன்றும் உடம்பு எரியும்.

இப்படிப்பட்ட ஊரில் வீட்டைச் சுற்றி மிச்சமிருக்கும் கொஞ்சநஞ்ச இடத்தை நாம் என்ன செய்கிறோம்? காம்பவுண்டுக்கும் வராந்தாவுக்கும் நடுவே இருப்பதில் சிமெண்டைக் கொட்டி மெழுகுகிறோம், இல்லையென்றால் டைல்ஸ் பதிக்கிறோம். மொட்டைமாடியைத் தண்ணீர்த் தொட்டிக்கும் துணிக்கொடிக்கும் விட்டுவிடுகிறோம். லட்சக்கணக்கில் கடன் வாங்கிக் கட்டிய வீட்டில், வானத்தைப் பார்த்து உட்காரக்கூடிய இரண்டே இடங்களும் கால் வைக்க முடியாத இடங்களாகிப் போகின்றன.

கொரியன் புல்லும் தண்ணீர் ரயிலும்

எனக்கு உயிருள்ள புல்தான் முதல் ஆசை. வீடு கட்டியதும் முன்பக்கம் நர்சரியிலிருந்து கொரியன் கிராஸ் வாங்கிவந்து பதித்தோம். மழைக்காலத்தில் அது தந்த அழகை இன்றும் மறக்க முடியாது. ஆனால் கோடை வந்தால் அதன் தாகம் வேறு மாதிரி. சென்னை வெயிலில் ஒரு சதுர மீட்டர் புல்லுக்கு நாளொன்றுக்குச் சுமார் 5 லிட்டர் தண்ணீர் வேண்டும். எங்கள் முன்பக்கம் 20 சதுர மீட்டர். ஆக, தினமும் 100 லிட்டர். நகரங்களில் ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கு 135 லிட்டர் என்பது மத்திய அரசு குடிநீர் விநியோகத்துக்கு வைத்திருக்கும் அளவு. வீட்டில் கூடுதலாக ஒரு ஆள் இருந்தால் என்ன செலவாகுமோ, கிட்டத்தட்ட அதைப் புல் குடித்துக்கொண்டிருந்தது.

2019 கோடை எல்லாவற்றுக்கும் முடிவு கட்டியது. பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் என்று நான்கு ஏரிகளும் வறண்டன. செம்பரம்பாக்கம் எங்கள் பூந்தமல்லிப் பக்கத்து ஏரி. கண்ணுக்கெட்டிய தூரம் வெடித்த தரையாக அதைப் பார்த்தபோது வயிறு கலங்கியது. அந்த ஜூலை 12-ஆம் தேதி, ஜோலார்பேட்டையிலிருந்து 50 வேகன்களில் 25 லட்சம் லிட்டர் தண்ணீரை ஏற்றிக்கொண்டு ஒரு ரயில் வில்லிவாக்கம் வந்து சேர்ந்தது. ஆவடி, திருமுல்லைவாயில், அம்பத்தூர் என்று எங்கள் ஸ்டேஷன்களைக் கடந்துதான் அது போனது. குடிக்கும் தண்ணீரையே ரயிலில் கொண்டுவரும் ஊரில் புல்லுக்குக் குழாயைத் திறக்க எந்தக் கைக்கு மனசு வரும்? கொரியன் புல் அந்தக் கோடையோடு போனது. அதற்கப்புறம் அந்த இடம் வெயிலில் புழுதியாகவும் மழையில் சேறாகவும் கிடந்தது. மழை பெய்தால் காட்டுச்செடி இடுப்பு உயரம் வளரும். பாம்பு பயத்தில் பிள்ளைகளை இறங்கவே விடமாட்டோம்.

சிமெண்ட் போட்டுவிடலாம் என்றுதான் வீட்டில் பேச்சு. கொத்தனாரைக்கூட வரச்சொல்லிவிட்டார்கள். அதைத் தடுத்து நிறுத்தியது எங்கள் பெரியவனின் கிரிக்கெட்!

பிள்ளைகளுக்காகப் பிறந்த புல்

மொகப்பேர், அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி என்று எங்கள் பக்கம் முழுக்க இப்போது 'டர்ஃப்' மைதானங்கள் வந்துவிட்டன. மணிக்கணக்கில் வாடகை. நாலாபுறமும் வலை, மேலே விளக்கு. ராத்திரி பதினொரு மணிக்கும் பையன்கள் ஆடிக்கொண்டிருப்பார்கள். பெரியவனைக் கூட்டிவரப் போனபோதுதான் முதன்முதலாக அந்தப் புல்லில் கால் வைத்தேன். பகலெல்லாம் வறுத்த வெயில், இரவு எட்டு மணிக்குக்கூட ரோடு அனலாகக் கொதித்தது. புல்லோ காலுக்கு இதமாக இருந்தது. பிளாஸ்டிக் இழைகள் வெயிலில் சட்டென்று சூடாகும். அதே வேகத்தில் ஆறியும்விடும். கான்கிரீட் அப்படியில்லை. பகலெல்லாம் உள்ளே வாங்கி வைத்த சூட்டை நடுராத்திரிவரை கொஞ்சம் கொஞ்சமாக வெளியே விட்டுக்கொண்டே இருக்கும். இந்த ஒரு வித்தியாசம் காலில் பட்டவுடன் எனக்கு முடிவே தெரிந்துவிட்டது. கொத்தனாருக்குப் போன் போட்டு வரவேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

அதன்பிறகு இதைப் பற்றித் தேடித் தேடிப் படித்தேன். எனக்குப் புல்லரித்த விஷயம் இதன் பிறப்புக் கதைதான். அமெரிக்காவில் ஃபோர்டு அறக்கட்டளையின் நிதியில் இயங்கிய பள்ளிக் கட்டட அமைப்பு ஒன்று, நகரத்துப் பிள்ளைகளுக்கு ஓடியாடப் புல்தரையே கிடைப்பதில்லை, சிமெண்டிலும் தாரிலுமே வளர்கிறார்கள் என்று கவலைப்பட்டது. அந்தக் கவலையிலிருந்துதான் செயற்கைப் புல் உருவானது. 1964-இல் பிராவிடன்ஸ் நகரத்தில் மோசஸ் பிரவுன் பள்ளியில் விரித்தார்கள். 1966-இல் ஹூஸ்டனின் ஆஸ்ட்ரோடோம் அரங்கத்தில் போட்ட பிறகுதான் அதற்கு 'ஆஸ்ட்ரோடர்ஃப்' என்ற பேர் வந்தது. அந்த அரங்கத்துக் கூரையின் ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் தகடுகளுக்குக் கண்கூசாமல் இருக்கப் பெயின்ட் அடித்தார்கள்; வெளிச்சம் குறைந்து உள்ளே இருந்த உயிர்ப்புல் செத்துப்போனது; அந்த இடத்தில் இது வந்தது. விளையாட்டு வீரர்களுக்காக, பணக்காரர் பங்களாக்களுக்காக வந்த பொருள் என்றுதான் நாம் நினைக்கிறோம். சிமெண்டில் வளரும் பிள்ளைகளின் முழங்காலுக்காக வந்த பொருள் இது!

கடையில் கையை வைத்துப் பாருங்கள்

வாங்கப் போகும்போது கண்ணை நம்பாதீர்கள், கையை நம்புங்கள். சதுர அடி 30 ரூபாயிலும் கிடைக்கிறது, 100 ரூபாயைத் தாண்டியும் கிடைக்கிறது. பாரிமுனைப் பக்கம் ஒரு சுற்று சுற்றிவந்தால் எல்லா ரகத்தையும் தொட்டுப் பார்த்துவிடலாம்.

உள்ளங்கையால் புல்லை நன்றாக அழுத்திப் பிடித்துவிட்டுக் கையை எடுங்கள். நல்ல புல் உடனே நிமிர்ந்துகொள்ளும். மட்டமானது படுத்தே கிடக்கும். அடுத்து, ஒரு கொத்து இழையை விரலில் சுற்றி இழுங்கள். கையோடு வந்தால் அந்த ரோலை விட்டுவிடுங்கள். பின்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள். கறுப்பு லேடெக்ஸ் பூச்சு சீராக இருக்கவேண்டும். அதில் வரிசையாகத் துளைகள் இருக்கவேண்டும். மழைத் தண்ணீர் இறங்கப்போவது அந்தத் துளைகள் வழியாகத்தான். இழைகள் பாலிஎதிலீனா என்று கேளுங்கள்; பாலிப்ரொப்பிலீனைவிட மிருதுவாக இருக்கும். யூவி பாதுகாப்பு உண்டா, எத்தனை வருஷ வாரண்டி என்று எழுதி வாங்குங்கள். எங்கள் பக்கத்து வெயிலுக்கு யூவி பாதுகாப்பு இல்லாத புல் சீக்கிரமே வெளுத்து நொறுங்கும்.

நிறத்திலும் ஒரு சூட்சுமம் இருக்கிறது. ஒரே பச்சையாகப் பளபளப்பது வாசலில் போடும் மிதியடி மாதிரிதான் தெரியும். நல்ல ரகத்தில் கரும்பச்சையும் இளம்பச்சையும் கலந்து நிற்க, அடியில் காய்ந்த புல் நிறத்தில் சுருள் சுருளாக இன்னொரு இழை இருக்கும். இயற்கைப் புல்லிலும் அடியில் சருகு கிடக்கும் அல்லவா? அந்தப் பழுப்புச் சுருள்தான் கண்ணை நம்பவைக்கிறது. உட்காரும்போது மெத்தென்று தாங்குவதும் அதுதான். தரைக்கு 35 மில்லிமீட்டர் உயரம் எடுத்தோம், பிள்ளைகள் புரள்வதற்கு. மாடிக்கு 25 மில்லிமீட்டர், சீக்கிரம் காயும்.

எல்லாம் அடித்தளத்தில் இருக்கிறது

விரிக்க வந்த இரண்டு தம்பிகளும் தங்கமான பிள்ளைகள். பச்சையை வெளியே எடுப்பதற்கு முன்னால் பெரும்பாலான நேரத்தை மண்ணோடுதான் செலவழித்தார்கள். அதைப் பார்க்கப் பார்க்க எனக்கு அவர்கள் மேல் மரியாதை கூடியது.

நாலு அங்குல ஆழம் மண்ணை வெட்டி எடுத்தார்கள். கோரைக் கிழங்கு ஒன்றுகூட மிச்சமில்லாமல் பொறுக்கினார்கள். ஒரு கிழங்கு இருந்தாலும் புல்லைக் குத்திக்கொண்டு மேலே வந்துவிடுமாம். முக்கால் இஞ்சு ஜல்லி ஒரு படுகை, மேலே சிப்ஸ் ஜல்லி, அதற்கும் மேலே கிரஷர் பவுடர். ஒவ்வொன்றையும் தண்ணீர் தெளித்துத் தெளித்துத் திமிசு போட்டு இறுக்கினார்கள். மட்டப்பலகை வைத்து மழைநீர்த் தொட்டிப் பக்கம் லேசாகச் சரிவு கொடுத்தார்கள், நூறு அடிக்கு ஓரடி கணக்கில். மேலே களை வராமல் தடுக்கும் துணி.

இந்த ஏற்பாட்டைப் பார்த்ததும் எனக்குள் ஒரு விஷயம் தெளிந்தது. 2003-இல் தமிழ்நாட்டில் எல்லாக் கட்டடங்களுக்கும் மழைநீர் சேகரிப்பு கட்டாயமாக்கப்பட்டபோது நாம் எல்லோரும் தொட்டி தோண்டினோம். அப்புறம் மீதி இடத்தைச் சிமெண்டால் மூடினோம்! மேலே விழுகிற மழை ரோட்டுக்கு ஓட, தொட்டி காய்ந்து கிடக்க, போரில் தண்ணீர் கீழே கீழே போனது. ஜல்லிப் படுகை மேல் விரித்த செயற்கைப் புல்லில் மழை அந்தத் துளைகள் வழியே இறங்கி மண்ணுக்கே போகிறது. எங்கள் முன்பக்கத்து மண்ணில் இன்றும் மழை இறங்குகிறது என்பதில் எனக்கு இருக்கும் பெருமை கொஞ்சநஞ்சமல்ல.

ரோலைப் பிரித்து விரித்ததும் நான் உடனே ஆணி அடிப்பார்கள் என்று நினைத்தேன். "அவசரப்படாதீங்கக்கா. கொஞ்ச நேரம் வெயில்ல கிடக்கட்டும், சுருட்டல் விடட்டும்" என்றார் மூத்த தம்பி. கிடந்தது. ஓரமெல்லாம் தானாகத் தரையோடு படிந்தது. எல்லா ரோலிலும் இழைகள் ஒரே திசையில் சாய்ந்திருக்கும்படி திருப்பினார்கள். வீட்டு வாசலில் நின்று பார்ப்பவரை நோக்கிப் புல் சாய்ந்திருந்தால் நிறம் அடர்த்தியாகத் தெரியும் என்பது அவர்கள் சொல்லித்தான் தெரிந்தது.

இரண்டு ரோல்களை இணைத்த விதத்தைத்தான் நான் பக்கத்தில் உட்கார்ந்து கண்கொட்டாமல் பார்த்தேன். ஓரத்தைப் பின்பக்கமாகப் புரட்டி, தையல் வரிசை இரண்டுக்கும் நடுவே பிளேடை ஓட்டி ஒரே நேர்கோட்டில் அறுத்தார்கள். ஒரு தையல்கூட அறுபடவில்லை. அடியில் இணைப்பு டேப்பை வைத்துப் பசை தடவி, இரண்டு ஓரத்தையும் சேர்க்கும்போது, பின்னல் போடும்முன் வகிடெடுப்பதுபோல் விரலால் இழைகளை இருபுறமும் ஒதுக்கிக்கொண்டே வந்தார் இளைய தம்பி. ஓர் இழைகூடப் பசையில் சிக்கவில்லை. கடைசியில் கையால் ஒரு கோது கோதிவிட்டார். எங்கே சேர்த்தார்கள் என்று எனக்கே தெரியவில்லை! அப்புறம் ஓரம் சுற்றிலும் ஆணி. காய்ந்த சிலிகா மணலைத் தூவி, சாய்வுக்கு எதிராகத் துடைப்பத்தால் தள்ளத் தள்ள, மணல் அடியில் இறங்கி, இழைகள் ஒவ்வொன்றாக எழுந்து நின்றன. படுத்துக் கிடந்த பச்சை கண்ணெதிரே எழுந்ததைப் பார்த்து எங்கள் சின்னவள் கை தட்டினாள்.

கோலத்துக்கு மூன்றடி, வடாமுக்குப் பாதி

எங்கள் அத்தை ஆரம்பத்திலேயே சொல்லிவிட்டார்கள்: "வாசத் தெளிச்சுக் கோலம் போட இடம் விடாம நீ எதை வேணா போட்டுக்கோ, நான் ஒத்துக்கமாட்டேன்." சத்தியமான வார்த்தை. வாசற்படிக்கு முன்னால் மூன்றடி அகலத்துக்குத் தரையை அப்படியே விட்டோம். மார்கழியில் அந்த மூன்றடியில் வெள்ளைக் கோலம், அதைத் தொட்டுக்கொண்டு பச்சை! எங்கள் தெருவில் நின்று போட்டோ எடுக்காமல் போனவர்கள் குறைவு.

வேப்பமரத்தைச் சுற்றிலும் மூன்றடிக்கு மண்ணை விட்டோம்; மரம் மூச்சு விட வேண்டும், வேருக்குத் தண்ணீர் போக வேண்டும். காம்பவுண்டு ஓரம் ஓரடி அகலத்தில் நீளமாக ஒரு பாத்தி. திருமுல்லைவாயில் மாசிலாமணீஸ்வரர் கோயிலின் தலமரம் முல்லை. அந்த ஊரில் வீடு வைத்துக்கொண்டு ஒரு முல்லைக்கொடி இல்லாமல் இருக்கலாமா? முல்லை, செம்பருத்தி, கற்பூரவல்லி, துளசி எல்லாம் அந்தப் பாத்தியில். முன்பு புல் குடித்த தண்ணீரில் ஒரு சின்னப் பங்குதான் இப்போது இவற்றுக்குப் போகிறது. அத்தனையும் செழித்து நிற்கின்றன.

முன்பக்கம் தந்த ருசியில் மொட்டைமாடிக்கும் ஏறினோம். மாடி என்றால் இரண்டு விஷயத்தில் கறாராக இருக்க வேண்டும். ஒழுக்கு எங்காவது இருந்தால் முதலில் அதைச் சரிசெய்து, தளத்துக்கு வாட்டர்ப்ரூஃபிங் முடித்துவிட்டுத்தான் புல். அடுத்து, தண்ணீர் ஓட வழி. புல்லை நேரடியாகத் தளத்தில் ஒட்டக்கூடாது. அடியில் பிளாஸ்டிக் டிரெய்ன் செல் வரிசையாகப் போட்டு, அதன் மேல் விரித்தோம். மழை துளை வழியாக இறங்கி, செல்லுக்கு அடியில் ஓடி, மாடிக் குழாய்க்குப் போய்விடும். குழாய்வாய் இருக்கும் இடத்தில் மட்டும் ஒரு சதுரத்தைத் தனியாக வெட்டி வைத்திருக்கிறோம், தூக்கிச் சுத்தம் செய்ய. தளத்துக்கும் புல்லுக்கும் நடுவே காற்று இருப்பதால் கான்கிரீட்டின் ராத்திரிச் சூடு மேலே உட்காருபவரை எட்டுவதில்லை.

மாடியில் பாதி அத்தையின் வடாமுக்கும் வற்றலுக்கும், பாதி புல்லுக்கு. கோடைக் காலையில் அந்தப் பக்கம் கூழ்வடாம் காயும். மாலையில் இந்தப் பக்கம் பிள்ளைகள் உருளும். பௌர்ணமி வந்தால் நிலாச்சோறு. சாதத்தைப் பெரிய பாத்திரத்தில் பிசைந்து, வட்டமாக உட்கார்ந்து, அத்தை உருட்டிக் கையில் வைக்க வைக்க எல்லோரும் சாப்பிடுவோம். செல்போன் கீழேயே கிடக்கும். பரீட்சைக்குப் பெரியவன் படிப்பது அங்கே, எங்கள் வீட்டுக்காரர் ஆபீசிலிருந்து வந்ததும் கால் நீட்டுவது அங்கே, கரண்ட் போனால் தெருவே கூடுவது அங்கே. ஒரே வீட்டில் ஆளுக்கொரு அறையில் இருந்தவர்களை இந்தப் பச்சைச் சதுரம் ஒரே இடத்தில் உட்காரவைத்திருக்கிறது. இதற்கு நான் எந்த விலையும் கொடுப்பேன்.

வெயிலோடு ஒப்பந்தம்

மனசாரப் புகழ்கிற பொருளைப் பற்றி முழுக்கச் சொல்லிவிட வேண்டும். நடுப்பகல் வெயிலில் செயற்கைப் புல்லில் வெறுங்காலோடு நிற்க முடியாது. உயிர்ப்புல் இலை வழியாக நீராவி விட்டுத் தன்னைக் குளிர்வித்துக்கொள்ளும். இதற்கு அந்த வித்தை தெரியாது. சுள்ளென்ற வெயிலில் மேற்பரப்பு 60 டிகிரியைத் தாண்டும். அதனால் காலை எட்டு மணிவரை, மாலை ஐந்தரைக்கு மேல் என்பதுதான் எங்கள் கணக்கு. கோடையில் மாடிக்கு மேல் நிழல்வலை கட்டிவிடுவோம். முன்பக்கத்துக்கு வேப்பமரம் இருக்கிறது. விருந்தாளி சீக்கிரம் வந்துவிட்டால் ஒரு பூவாளித் தண்ணீர் தெளித்தால் போதும், சூடு இறங்கிவிடும். மாடியில் புல் போட்டால் கீழே அறை குளிரும் என்று யாராவது சொன்னால் அதற்காக வாங்காதீர்கள். அறை குளிர வெள்ளைப் பூச்சும் கூலிங் டைலும் இருக்கின்றன. இது மாடியில் உட்காருபவருக்கானது.

நெருப்பு ஆகாது. கொசுவத்திச் சுருளைத் தட்டில் வைத்துத்தான் ஏற்ற வேண்டும். கார்த்திகை அகல் எல்லாம் கைப்பிடிச் சுவர் மேல். தீபாவளிக்குக் கம்பி மத்தாப்பு முதல் எல்லாமே தெருவில். அடுப்பிலிருந்து இறக்கிய பாத்திரத்தை அப்படியே கொண்டுபோய் வைக்கக்கூடாது. பக்கத்துக் கட்டடத்துக் கண்ணாடியில் பட்டுத் தெறிக்கும் வெயில் ஒரே இடத்தில் குவிந்தாலும் இழை உருகும். அப்படி இருந்தால் அந்தப் பக்கம் ஒரு வலை கட்டிவிடுங்கள்.

விளையாட்டு மைதானங்களில் கறுப்பு ரப்பர்த் துகள் நிரப்புவார்கள். வீட்டுக்கு அது வேண்டவே வேண்டாம், மணல் போதும். ஐரோப்பிய ஒன்றியம் 2023-இல் மைக்ரோபிளாஸ்டிக் கட்டுப்பாட்டில் இந்தத் துகள்களையும் சேர்த்து, விற்பனையை நிறுத்த எட்டு வருஷ அவகாசம் கொடுத்திருக்கிறது. இழையும் பிளாஸ்டிக்தான், தேய்ந்தால் துகளாகும். அதனால்தான் மலிவுப் புல்லை இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை மாற்றுவதைவிட, நல்லதாக ஒருமுறை வாங்கி நீண்ட நாள் வைத்துக்கொள்ளுங்கள் என்று எல்லோரிடமும் மன்றாடுகிறேன். தேவையான அளவுக்கு மட்டும் போடுங்கள். மரம் செடி இருக்கும் மண்ணை மூடாதீர்கள்.

பராமரிப்பு? சொல்லவே சந்தோஷமாக இருக்கிறது. தென்னந்துடைப்பம்! வேறெந்தக் கருவியும் தேவையில்லை. சாய்வுக்கு எதிராக வாரத்துக்கு ஒருதரம் பெருக்கினால், அம்பத்தூர்ப் புழுதியும் வேப்பஞ்சருகும் மேலே வந்துவிடும், மிதிபட்டுப் படிந்த இழையும் நிமிர்ந்துவிடும். பங்குனி, சித்திரையில் வேப்பம்பூ கொட்டும் நாட்களில் தினமும் ஒரு தள்ளு. புறா எச்சமிட்டால் ஒரு சொம்புத் தண்ணீர். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மேற்குப் புறநகரையே மிதக்கவிட்டபோது எங்கள் முன்பக்கமும் முழுகியது. தண்ணீர் வடிந்ததும் புல்லின் மேல் விரற்கடைச் சேறு. பக்கெட் பக்கெட்டாக ஊற்றி அதே துடைப்பத்தால் தள்ளினோம். மதியத்துக்குள் பச்சை வெளியே வந்துவிட்டது. அடித்தளம் ஓரிடத்தில்கூட உள்வாங்கவில்லை. ஜல்லியைத் திமிசு போட்டு இறுக்கிய அந்தத் தம்பிகளை அன்றைக்கு எத்தனை முறை வாழ்த்தினேனோ!

உயிரில்லாத புல்லா?

ஆவடி டேங்க் ஃபேக்டரியில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற ஒரு பெரியவர் எங்கள் தெருவில் இருக்கிறார். பழைய ஹாக்கிக்காரர். முதல்நாள் கேட்டுக்கு வெளியே நின்றே கேட்டார்: "ஏம்மா, உயிரில்லாத புல்லுக்கா இவ்வளவு காசு?" அவருக்கு ஒரு மனக்காயம் இருந்தது. 1976 மாண்ட்ரியல் ஒலிம்பிக்கில் முதன்முறையாக ஹாக்கி செயற்கைத் தளத்துக்கு மாறியது. புல்தரையிலேயே வளர்ந்த நம் அணி ஏழாவது இடத்துக்கு இறங்கியது. அந்த வேதனை அவருக்கு இன்னும் ஆறவில்லை.

"சார், இது புல்லுக்குப் பதிலா போட்டதில்ல. சிமெண்டுக்குப் பதிலா போட்டது. உள்ள வந்து உக்காந்து பாருங்க" என்றேன்.

வந்தார். வேட்டியை மடித்துக்கொண்டு உட்கார்ந்தார். உள்ளங்கையால் இழைகளை மேலும் கீழும் தடவிக்கொண்டே, 1980 மாஸ்கோவில் நம் தமிழ்நாட்டு வாசுதேவன் பாஸ்கரன் தலைமையில் செயற்கைத் தளத்திலேயே நாம் தங்கம் வாங்கிய கதையை எங்கள் பெரியவனுக்குச் சொல்ல ஆரம்பித்தார். 2023 ஆகஸ்டில் எழும்பூர் மேயர் ராதாகிருஷ்ணன் ஸ்டேடியத்தில் மூன்றுக்கு ஒன்று என்று பின்தங்கியிருந்த நம் அணி, மலேசியாவை நாலுக்கு மூன்று என்று ஜெயித்து ஆசிய சாம்பியன்ஸ் கோப்பையைத் தூக்கியதையும் சொன்னார். இன்று மாலையானால் எங்கள் முன்பக்கத்தில் அவருக்கென்று ஓர் இடம் உண்டு. முழங்கால் வலியால் பார்க்கில் நடப்பதை விட்டிருந்தவர், இப்போது செருப்பில்லாமல் இந்த இருபது சதுர மீட்டரைச் சுற்றிச் சுற்றி வருகிறார்.

அவரிடம் சொன்னதைத்தான் உங்களுக்கும் சொல்கிறேன். மண் இருக்கிறதா, மரம் வையுங்கள். தண்ணீர் தாராளமாக இருக்கிறதா, உயிர்ப்புல்லே வளருங்கள். அதற்கு ஈடு எதுவும் இல்லை. ஆனால் சிமெண்ட் கலவை போட ஆள் வரச்சொல்லியிருக்கிறீர்களா? ஒரு நிமிஷம் பொறுங்கள். மொட்டைமாடி வருஷக்கணக்கில் சும்மா கிடக்கிறதா? இந்த ஞாயிற்றுக்கிழமை ஒரு டேப்பை எடுத்துக்கொண்டு மேலே ஏறுங்கள். கோலத்துக்கும் வடாமுக்கும் செடிக்கும் இடம் ஒதுக்குங்கள். மீதியை அளந்து எழுதுங்கள். பத்தடிக்குப் பத்தடி கிடைத்தால்கூடப் போதும், உங்கள் குடும்பம் முழுக்க அதில் உட்காரும். அளந்ததும் கடைக்குப் போய்க் கையை வைத்து அழுத்திப் பாருங்கள். நம் வெயிலையும் நம் தண்ணீரையும் தெரிந்துவைத்திருக்கும் நமக்கென்றே வந்த பொருள் இது. போட்டுப் பாருங்கள், அப்புறம் நீங்களும் என்னைப்போலவே தெருவில் போகிறவர்களை எல்லாம் நிறுத்திக் கேட்க ஆரம்பித்துவிடுவீர்கள்!